கண்ணுக்குத் தெரியாத கம்பி

(பள்ளியின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரப்பட்டது.)

 

"ஏதாவது ஓர் அறிவியல் பொருளைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள். ஆனால் யாருக்கும் தூக்கம் வரக்கூடாது" என்று தலைமையாசிரியர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டுவிட்டார். நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றே என் கைமுதல். இருந்தாலும் ஒரு பொருளைப் பற்றி நான் பேசியே தீர வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் என் அறிவு அல்ல, என் தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முன்பு வேலை செய்த பள்ளியில் ஓர் ஆசிரியர் தினம். மாணவிகள் ஆடவேண்டிய நடனத்துக்குரிய பாட்டு ஒரு தாயாரின் கைத்தொலைபேசியில்தான் இருந்தது. பள்ளியில் இணைய வசதி அன்று படுத்துவிட்டது. "அக்கா, கொஞ்சம் உங்க போனைக் குடுங்க" என்று நான்தான் வாங்கினேன். பள்ளியின் ஒலிபெருக்கியோடு அதைப் புளூடூத் வழியாகச் சேர்த்தேன். பாட்டு ஒலித்தது, பிள்ளைகள் ஆடினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஒலிபெருக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். ஒலிவாங்கிக்காக அதே ஒலிபெருக்கியை முடுக்கினோம். அந்த அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தார். அவருக்கு ஒரு குரல் செய்தி வந்தது. கூட்டத்துக்கு இடைஞ்சல் வேண்டாமே என்று மரியாதையாக எழுந்து வராந்தாவுக்குப் போய், போனைக் காதில் வைத்துச் செய்தியைத் தட்டினார். காதில் ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் போதவில்லை என்று எண்ணிச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கேட்கவில்லை. மறுபடியும் கூட்டினார்.

கேட்டது எங்களுக்கு. மண்டபம் முழுவதும் கேட்டது.

அந்தச் செய்தியில் என்ன இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அவருடைய வீட்டுக் கஷ்டம், அவ்வளவுதான். அது அவரும் அவர் உடன்பிறப்பும் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய பேச்சு. முக்கால் நிமிடம் இருக்கும். நான் மேடையில் நின்றுகொண்டு, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து நான்கு நாள் அவருடைய பிள்ளை பள்ளிக்கு வரவில்லை.

இதை அந்த அக்காவிடம் கேட்டு, அவர் "சொல்லுங்க சார், நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்" என்ற பிறகே சொல்கிறேன். ஊரையும் பேரையும் மட்டும் கேட்காதீர்கள்.

சரி, அந்தப் போனும் அந்தப் பெட்டியும் ஒரு மாதம் கழித்து எப்படி ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன? நடுவில் கம்பி இல்லை. யாரும் சேர்த்து வைக்கவும் இல்லை. இதுதான் நான் விளக்க வந்த விஷயம்.

நம் வீட்டில் பழைய வானொலிப் பெட்டி இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். நிலையம் ஓரிடத்திலிருந்து அலையை அனுப்பும். நாம் குமிழைத் திருகி அந்த அலைவரிசையைப் பிடிப்போம். புளூடூத்தும் வானொலிதான். அதே மின்காந்த அலைதான். ஆனால் குட்டி வானொலி. நிலையமும் பெட்டியும் இரண்டும் நம் சட்டைப்பைக்குள்ளேயே இருக்கின்றன. அலையின் பலம் மிகவும் குறைவு. சாதாரணக் கருவிகளில் ஒரு வாட்டில் நானூறில் ஒரு பங்குதான். ஆகவே சுமார் 10 மீட்டர், அதாவது முப்பது அடி தூரம் போகும். பலம் கூடிய கருவியானால் 100 மீட்டர் வரைகூடப் போகும். கம்பியில்லாமல் கிட்டத்தில் ஒரு காரியத்தைச் செய்விப்பது நமக்கு அப்படியொன்றும் புதிதுமல்ல. 1895-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இப்படிப்பட்ட சிற்றலைகளை அனுப்பி, சுவருக்கு அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார்.

மாணவர்களே, இதை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும்போது போனை எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். திறந்த வெளியில் தூரம் போனாலும் பாடும். போனை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்தி, உடம்போடு அணைத்து, முதுகைக் காட்டி நின்றால் பாட்டு விக்கும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே அலையால்தான். அதற்காகப் பயந்துவிடாதீர்கள், அடுப்பின் பலம் பல்லாயிரம் மடங்கு அதிகம்.

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். இந்த மண்டபத்தில் நூறு போன்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அலையில் பேசினால் சந்தைக் கூச்சலாகிவிடாதா? இங்கேதான் அழகான ஒரு தந்திரம் இருக்கிறது. புளூடூத் ஒரே அலைவரிசையில் உட்கார்ந்திருப்பதில்லை. பாட்டுக் கேட்க நாம் பயன்படுத்தும் வகையில் 79 தடங்கள் இருக்கின்றன. வினாடிக்கு 1,600 தடவை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் எளிதில் சொல்லிவிடலாம். ஒரு நிரையில் 79 மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுபவர் வரிசையாகப் போகவில்லை; ஐந்தாவது மரம், பிறகு அறுபதாவது, பிறகு பன்னிரண்டாவது என்று தாறுமாறாகப் போகிறார். அடுத்து எந்த மரம் என்பது அவருக்கும், பின்னால் பால் எடுக்க வரும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். மற்றவர் ஒரு மரத்தடியில் காத்திருந்தால் ஒரு சொட்டுத்தான் கிடைக்கும். அந்தத் தாவும் வரிசை, இரண்டு கருவிகளில் தலைமையாக இருக்கும் ஒன்றின் முகவரியிலிருந்தும் அதன் கடிகாரத்திலிருந்தும் கணக்கிடப்படுகிறது. ஒரு தடத்தில் வேறு கூச்சல் இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றில் தாவும் புத்தியும் 2003-லிருந்து அதற்கு வந்துவிட்டது.

இப்படித் தாவித் தாவிப் பேசும் யோசனைக்கு 1942-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் யார் தெரியுமா? ஹெடி லாமார் என்ற சினிமா நடிகை! ஆஸ்திரியாவில் பிறந்து ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்தவர். ஜார்ஜ் ஆந்தைல் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து, கப்பலை அழிக்கும் டார்பிடோ குண்டை எதிரி திசை திருப்பாமல் இருக்க 88 அலைவரிசைகளில் தாவும் ஏற்பாட்டை வகுத்தார். பியானோவில் 88 கட்டைகள் அல்லவா? போர்க்காலத்தில் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. நடிகை சொல்வதை யார் கேட்பார்கள்! பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

புளூடூத்தை உருவாக்கும் வேலை 1994-இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. யாப் ஹார்ட்சன் என்ற டச்சுக்காரப் பொறியியலாளர் அதில் முதன்மையானவர். 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து எல்லோருக்கும் பொதுவான விதிகளை வகுத்தன. பெயரைச் சூட்டியவர் இன்டெல்லின் ஜிம் கார்டாக். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஒருகுடைக்கீழ் கொண்டுவந்த அரசன் ஹரால்டுக்கு 'நீலப்பல்' என்று பட்டப்பெயர். பிரிந்து கிடக்கும் கருவிகளை ஒன்றுசேர்ப்பதால் அரசன் பெயர் தற்காலிகமாக வைக்கப்பட்டது, அதுவே நிலைத்துவிட்டது. அந்த இன்டெல் 1972-லிருந்து பினாங்கில் இருக்கிறது. நம் கூலிம் தொழில்நுட்பப் பூங்காவிலும் இருக்கிறது. லூனாஸ், பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறிப் போகும் நம் பிள்ளைகள் இதை அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, இனிதான் முக்கியமான இடம். தாவுவது பூட்டு ஆகாது. தக்க கருவி வைத்திருப்பவன் 79 தடங்களையும் ஒரே சமயத்தில் கேட்க முடியும். உண்மையான பூட்டு, இரண்டு கருவிகளும் முதன்முதலில் சந்திக்கும் அந்த நொடியில்தான் செய்யப்படுகிறது. அதைத்தான் ஜோடி சேர்ப்பது என்கிறோம். அப்போது இரண்டும் ஓர் இரகசியச் சாவியை உண்டாக்கி, ஆளுக்கொரு பிரதியை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதன்பிறகு பேச்சையெல்லாம் அந்தச் சாவியைக் கொண்டு குழப்பி அனுப்பும். கேட்பவனுக்கு அது வெறும் இரைச்சல்.

ஆரம்ப காலத்தில் இந்தச் சாவியை நான்கு இலக்க எண்ணிலிருந்து செய்தார்கள். நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் வாய்ப்புகள். கணினிக்கு அது ஒரு கொட்டாவி விடும் நேரம். அதிலும் பெரும்பாலான காதுக்கருவிகளுக்கு எண் 0000! வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. 2007-இல் வந்த விதி இதை மாற்றியது. எல்லோர் காதிலும் விழும்படி பேசிக்கொண்டே இரண்டு பேர் மட்டும் அறிந்த ஓர் இரகசியத்தை உண்டாக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் 1976-இல் வெளியிட்டது.

அதைச் சமையலறை வழியாகச் சொல்கிறேன். இரண்டு பெண்கள் தெருவில் வைத்து, எல்லோரும் பார்க்க, ஒரே மசாலாத் தூளை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் வீட்டுக்குள் போய் யாருக்கும் தெரியாமல் தம் கைப்பக்குவமான ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். பிறகு தெருவுக்கு வந்து கலவைகளை மாற்றிக்கொள்கிறார்கள். திரும்பவும் உள்ளே போய், வந்த கலவையில் தம் பொருளைப் போடுகிறார்கள். இப்போது இருவர் கையிலும் இருப்பது ஒரே மசாலா! தெருவில் நின்று பார்த்தவன் கலவைகளைக் கண்டான். ஆனால் கலந்ததைப் பிரிக்க அவனால் முடியாது. கணக்கிலும் கலப்பது சுலபம், பிரிப்பது கடினம்.

ஆனால் ஒரு தில்லுமுல்லு நடக்கலாம். தெருவில் ஒருத்தி நடுவில் புகுந்து, இவளிடம் "நான்தான் அவள்" என்றும், அவளிடம் "நான்தான் இவள்" என்றும் சொல்லி இரண்டு பக்கமும் வெவ்வேறு மசாலா கலந்தால்? இரண்டு பேருக்கும் தெரியவே தெரியாது. அதைத் தடுக்கத்தான் இரண்டு போன்களைச் சேர்க்கும்போது திரையில் ஆறு இலக்க எண் வருகிறது. இரண்டு திரையிலும் அதே எண்தானா என்று உங்கள் கண்ணால் பார்க்கச் சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பார்க்காமலேயே 'யா' என்று தட்டிவிடுகிறோம். பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் கொடுக்கும் காவலை ஒரு விரலால் அனுப்பி வைத்துவிடுகிறோம்.

ஒலிபெருக்கிக்கும் காதுக்கருவிக்கும் திரை இல்லை. எண்ணைக் காட்ட இடமில்லை. அங்கே இந்தச் சோதனையே இல்லாமல் சேர்ந்துகொள்ளும். பாசார் மாலாமில் வாங்கும் மலிவுப் பெட்டி எந்தப் போன் வந்தாலும் "வா" என்று சொல்வது இதனால்தான். எங்கள் பள்ளிப் பெட்டியும் அப்படித்தான். கடைசியாகப் பழகிய போனின் சாவியை நினைவில் வைத்திருந்தது. முடுக்கியவுடன் அதைத் தேடியது. மூன்றாவது வரிசையில் கண்டுபிடித்தது. எந்தத் திருடனும் வரவில்லை. கருவி தன் கடமையைச் செய்தது. நான் என் கடமையைச் செய்யவில்லை.

திருடர்கள் வந்ததும் உண்டு. 2004-இல் காபிர் என்ற கிருமி நிரல் புளூடூத் வழியாகப் போனுக்குப் போன் தொற்றியது. 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கி நகரில் உலகத் தடகளப் போட்டி நடந்த மைதானத்தில், நெருங்கி உட்கார்ந்திருந்தவர்களின் போன்களில் அது பரவியது. வேடிக்கை என்னவென்றால் அது ஒவ்வொரு தடவையும் "ஏற்கலாமா?" என்று கேட்டது. மக்கள்தான் ஏற்றார்கள். 2017 செப்டம்பரில் வெளியான ஓட்டை அப்படி மரியாதையானதல்ல. புளூபோர்ன் என்று பெயரிட்டார்கள். புளூடூத் திறந்திருந்தாலே போதும், எதையும் தட்டாமலேயே போனுக்குள் புக முடியும் என்று ஆர்மிஸ் நிறுவனத்தார் காட்டினார்கள். 2019-இல் ஆய்வாளர்கள் மூவர், இரண்டு கருவிகளையும் ஏமாற்றி மிகச் சின்னச் சாவியை ஒப்புக்கொள்ளச் செய்யலாம் என்று நிரூபித்தார்கள். எவ்வளவு சின்னது? 256 தடவை முயன்றால் திறந்துவிடும் அளவு.

இவற்றுக்கெல்லாம் மருந்து வந்துவிட்டது. நிறுவனங்கள் திருத்தம் அனுப்பின. ஆனால் யாருக்கு அனுப்பின? புதுப் போன் வைத்திருப்பவர்களுக்கு. சுங்கைப் பட்டாணியில் இருநூறு வெள்ளிக்கு வாங்கிய பழைய போனுக்குத் திருத்தம் வருவது எப்போதோ நின்றிருக்கும். பாதுகாப்பிலும் ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று என்று இருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நிலைமை அதுதான். பழைய போன் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். மூடிய கதவை யாரும் தட்ட முடியாது. பாட்டரியும் கொஞ்சம் மிஞ்சும்.

"சார், புளூடூத் வழியா பாங்கு காசை எடுத்துருவானா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நம் பக்கத்தில் காசு போவது பெரும்பாலும் அந்த வழியில் அல்ல. முப்பது அடிக்குள் வந்து நிற்க வேண்டிய திருடனைவிட, எங்கிருந்தோ "போலீஸ் பேசறேன்" என்று அழைப்பவன் ஆபத்தானவன். கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஒரு செயலியை அனுப்பி, நம் கையாலேயே அதைப் பதிய வைக்கிறான். அப்படி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நேரத்தைக் கழிக்காமல் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள். 2022-இல் அரசாங்கம் இதற்காகவே திறந்த மையம் அது. சாலைக் கட்டணம் கட்டும் அட்டையும் புளூடூத் அல்ல. அது சில சென்டிமீட்டர் தூரமே பேசும் வேறு சாதி.

கொரோனா காலத்தில் இந்தக் குட்டி வானொலி நமக்குக் காவல்காரனாகவும் இருந்தது. 2020-இல் சிங்கப்பூர் தொடங்கிய செயலியும், நம் நாட்டு மைட்ரேஸ் செயலியும் யார் யார் அருகில் நின்றோம் என்பதைப் புளூடூத் மூலமே குறித்துக்கொண்டன. போன்கள் பெயரைச் சொல்லவில்லை. அடிக்கடி மாறும் எண்ணைக் கிசுகிசுத்துக்கொண்டன. நல்ல ஏற்பாடு. ஆனால் 2021 சனவரியில், அந்தக் குறிப்புகளைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை எடுக்க முடியும் என்று சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது மக்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. அலை கசியவில்லை, சாவி உடையவில்லை. ஆனாலும் எதற்காகக் கொடுத்தோமோ அதற்கு அப்பால் போகவிருந்தது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 அக்டோபரில் சென்னை எழும்பூரில், இந்திய ஆட்சிப் பணித் தேர்வு எழுதிய ஒரு பயிற்சிக் காவல் அதிகாரி பிடிபட்டார். காதில் புளூடூத், ஐதராபாத்திலிருந்து மனைவி விடை சொல்லிக்கொண்டிருந்தார். ஐதராபாத்திலிருந்து சென்னைக்குப் புளூடூத் எட்டுமா என்று யாராவது கேளுங்கள் பார்க்கலாம்! எட்டாது. தொலைபேசி வலையம் பையிலிருக்கும் போன்வரை கொண்டுவரும். பையிலிருந்து காதுக்குப் போகும் கடைசி இரண்டடிதான் புளூடூத்தின் வேலை. 2021-இல் இராஜஸ்தானில் இன்னும் ஒருபடி மேலே போய்ச் செருப்புக்குள் கருவியை வைத்துத் தைத்தார்கள். அது என்ன தேர்வு தெரியுமா? ஆசிரியர் தகுதித் தேர்வு! நான் தலைகுனிந்து கொள்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இன்னொன்று. சாவிக்கொத்தில் மாட்டும் வில்லை ஒன்று 2021-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அருகில் போகும் போன்களுக்குப் புளூடூத்தில் குரல் கொடுத்துத் தன் இடத்தைத் தெரியப்படுத்தும். தொலைந்த சாவியைத் தேட உதவும். அதையே ஒரு பெண்ணின் பைக்குள் போட்டுப் பின்தொடர்ந்த கயவர்களும் உண்டு. உங்களோடு தெரியாத வில்லை ஒன்று பயணம் செய்கிறது என்று போன் எச்சரித்தால் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பையைக் கொட்டிப் பாருங்கள், அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.

அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். நான்தான் சேர்த்தேன், நான்தான் பிரித்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "நான் சத்தத்தைக் கூட்டாம இருந்திருக்கலாம் சார்" என்றார். அதுதான் என்னை அதிகமாக வருத்தியது. தவறு என்னுடையது, வெட்கம் அவருடையதாகிவிட்டது.

மறுநாள் பிள்ளை பள்ளிக்கு வந்தது. அந்த வாரமே பள்ளி முடிந்த பிறகு அவரும் வந்தார். ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்தேன். அவர் போனில் சேர்ந்த கருவிகளின் பட்டியலைத் திறந்து, பள்ளிப் பெட்டியின் பெயரைத் தட்டி, 'மறந்துவிடு' என்று பொருள்படும் சொல்லை அவரையே அமுக்கச் சொன்னேன். பெட்டியின் நினைவையும் அழிக்க வேண்டும் அல்லவா? எங்கள் பெட்டியில் சேர்க்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும். பிடித்தேன். விளக்கு சிமிட்டியது.

"இப்ப மறந்துருச்சா சார்?"

"மறந்துருச்சு அக்கா."

"சோதிச்சுப் பாப்போமே" என்று சொல்லி, போனில் ஒரு பாட்டைத் தட்டினார். பாட்டு அவர் கையிலிருந்தே கேட்டது. பெட்டி சும்மா இருந்தது. அவர் சத்தத்தைக் கூட்டினார்.